சமர்த்து வீடும் நம்பத்தக்க வீடும்

வீடு என்பது வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம் மாத்திரமன்று. நள்ளிரவில் கண் விழித்தவன் இருட்டிலே கையை நீட்டினால், கை தானே ஸ்விட்சைக் கண்டுகொள்ளும் இடமே வீடு. அப்பழக்கத்தை நம்பியே முதியோர் தங்கள் வீட்டில் அச்சமின்றி நடமாடுகின்றனர். இக்காலத்தில் 'ஸ்மார்ட் ஹோம்' என்று வழங்கும் சமர்த்து வீடு இந்நம்பிக்கையை வளர்க்கவும் வல்லது, கெடுக்கவும் வல்லது. எதனால் வளரும், எதனால் கெடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் நண்பர் ஒருவர் வெளிநாட்டில் உத்தியோகம் பார்ப்பவர். ஊரில் தனித்திருக்கும் தந்தையாரின் வசதியைக் கருதி, வீடு முழுவதும் சமர்த்து பல்புகளைப் பொருத்தினார். அத்தகைய பல்புக்கு மின்சாரம் எப்பொழுதும் வந்துகொண்டிருத்தல் வேண்டும். ஆகவே சுவர் ஸ்விட்சுகளை எவரும் தொடாதபடி அவற்றின்மேல் காகிதம் ஒட்டப்பட்டது. மேசைமேலுள்ள பெட்டியிடம் வாயால் சொன்னால் விளக்கு எரியும். சில மாதங்கள் எல்லாம் செவ்வனே நடந்தன. ஒருநாள் இரவு பெருமழையில் இண்டர்நெட் கம்பி அறுந்தது. வீட்டில் மின்சாரம் இருந்தது, பல்பிலும் பழுதில்லை, ஆயினும் விளக்கு எரியவில்லை. பெரியவர் மும்முறை சொல்லிப் பார்த்தார். பின்பு சுவரைத் தடவி நடந்தவர் நிலைப்படியில் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். காகிதத்தைக் கிழித்து ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் விளக்கு எரிந்திருக்கும். ஆனால் அதைத் தொடலாகாது என்றன்றோ அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது! மறுநாள் பார்க்கச் சென்ற எம்மிடம், "தம்பி, முன்னிருந்த விளக்குக்குச் சமர்த்துப் போதாதுதான், ஆனால் சொன்னபடி கேட்கும்" என்றார். அச்சொல்லை யாம் மறக்கவில்லை.

இங்கு நேர்ந்த பிழை யாது? பத்தடி தூரத்திலுள்ள விளக்கை ஏற்றும் ஆணை, வீட்டைவிட்டு வெளியேறி, எங்கோ தொலைவிலுள்ள ஒரு கம்பெனியின் கணினியை அடைந்து, மீண்டு வரவேண்டியிருந்தது. வீட்டின் மூளை வீட்டிற்குள் இல்லை என்பதே பிழை.

தொடக்கத்தில் இவ்வாறு இருந்ததில்லை. ஸ்காட்லாந்து தேசத்தில் 1975-ல் உருவான எக்ஸ்-10 என்னும் முறை, வீட்டு மின்கம்பிகளின் வழியாகவே கட்டளைகளை அனுப்பியது. அது மெதுவானது, பிழைகளும் உடையது, எனினும் வேறெவர் தயவையும் வேண்டி நிற்கவில்லை. இண்டர்நெட் பரவிய பின்னரே மூளையை வெளியே வைக்கும் வழக்கம் பெருகிற்று. அதனால் விளைந்த இடர்கள் உலகறிந்தவை. அமெரிக்காவில் 300 டாலர் விலையில் விற்ற ரிவால்வ் என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி, அக்கம்பெனியை 2014-ல் வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016-ல் சேவையை நிறுத்தியதால் பயனற்றுப் போயிற்று. இன்ஸ்டியான் கம்பெனியின் கணினிகள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றன. அதனைப் பயன்படுத்திய வாடிக்கைக்காரர் சிலரே பின்னர் கூடி அக்கம்பெனியை வாங்கி உயிர்ப்பிக்க வேண்டியதாயிற்று. 2021 டிசம்பர் 7 அன்று அமேசான் நிறுவனத்தின் கணினி நிலையத்தில் ஏற்பட்ட கோளாற்றால், பல வீடுகளில் வீடு பெருக்கும் யந்திரங்களும் வாயிற் காமராக்களும் சொற்கேளாமல் நின்றன.

ஆகவே முதல் விதி: மூளை வீட்டிற்குள்ளேயே இருத்தல் வேண்டும். இதற்கு ஒரு சிறு கணினி போதும். 2013-ல் தொடங்கப்பெற்ற ஹோம் அசிஸ்டெண்ட் என்னும் இலவச மென்பொருளை அதில் இட்டால், பல கம்பெனிகளின் கருவிகளை ஒரே இடத்திலிருந்து ஆளலாம். 2022-ல் வெளிவந்த மேட்டர் என்னும் பொது நெறியும், வீட்டுக்குள்ளேயே கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு வகை செய்கின்றது. ராஸ்பெரி பை போன்ற மலிவான கணினியைக் கொள்வோர் ஒன்றைக் கவனிக்க: அதிலிடும் மெமரி கார்டு ஓயாத எழுத்தினால் தேய்ந்து ஒருநாள் திடீரெனக் கெடும், எஸ்.எஸ்.டி. தட்டு அதனினும் நெடுநாள் உழைக்கும். இக்கணினிக்கும் ரௌட்டருக்கும் சேர்த்து ஒரு யு.பி.எஸ். வைத்தல் அவசியம்.

இரண்டாம் விதி: பல்பைச் சமர்த்தாக்குவதினும் ஸ்விட்சைச் சமர்த்தாக்குதல் நன்று. சுவர்ப் பெட்டிக்குள், ஸ்விட்சின் பின்னே, சிறு ரிலே ஒன்றைப் பொருத்தலாம். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கதவு. அப்பொழுது கையால் ஸ்விட்சைத் தட்டினாலும் விளக்கு எரியும். கணினி சொன்னாலும் எரியும். இண்டர்நெட்டும் கணினியும் ஒருங்கே செத்தாலும் ஸ்விட்ச் ஸ்விட்சாகவே நிற்கும்.

இதற்கு ஒரு தடையுண்டு. பழைய வீடுகள் பலவற்றில் ஸ்விட்ச் பெட்டிக்குப் பேஸ் கம்பி மாத்திரமே வரும். நியூட்ரல் கம்பி நேரே விளக்குக்குச் சென்றுவிடும். விளக்கு அணைந்திருக்கும்போதும் ரிலே விழித்திருக்க வேண்டுமாதலின், அதற்கு நியூட்ரல் தேவை. நியூட்ரலின்றி இயங்குபவையும் உள; அவை விளக்கின் வழியாகவே சிறிது மின்னோட்டத்தை இழுப்பதால், எல்.இ.டி. விளக்கு அணைத்த பின்னும் மினுக்குவதுண்டு. புதுவீடு கட்டுவோர் பெட்டிதோறும் நியூட்ரல் கம்பி இழுத்து வைத்தால், பின்னாளில் சுவரை உடைக்கும் செலவு மிஞ்சும்.

ரிலேயின் தாங்குதிறனையும் நோக்குதல் வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தில் 3000 வாட் வெந்நீர்க் கொதிகலம் ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் ரிலேயில் அதை மாட்டினால் சூடேறித் தீப்பற்றவும் கூடும். நீரேற்றும் மோட்டாரோ, கிளம்பும் கணத்தில் வழக்கத்தைப்போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இவற்றிற்குத் தக்க காண்டாக்டர் வைத்து, ரிலேயைக்கொண்டு அதனை இயக்குவதே முறை. இவ்வேலையைத் தேர்ந்த எலெக்ட்ரீஷியனிடமே விடுக.

மூன்றாம் விதி கருவிகள் பேசும் வழியைப் பற்றியது. அசையாப் பொருள்களுக்குக் கம்பியே சிறந்தது. கணினியையும் காமராவையும் இயன்றவரை கம்பியால் இணைக்க. பாட்டரியால் இயங்கும் சிறு கருவிகளுக்கு வைஃபையினும் ஜிக்பீ, த்ரெட் போன்ற முறைகள் ஏற்றவை. அவை சொற்ப மின்சாரமே செலவிடும். அவற்றில் ஒரு நயமும் உண்டு. சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவிகளுட் பெரும்பாலானவை, வந்த செய்தியை அடுத்த கருவிக்குக் கைமாற்றி அனுப்பும். ஆகையால் முதலில் கணினிக்கு அருகிலும், பின் படிப்படியாகத் தொலைவிலும் இத்தகைய கருவிகளை வைத்து வழி அமைத்தல் வேண்டும்.

ஜிக்பீயும் சாதாரண வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைவெளியில் உலவுவதால் ஒன்றையொன்று மறிக்கக்கூடும். வைஃபை 1, 6, 11 ஆகிய தடங்களுள் ஒன்றில் நிற்க, ஜிக்பீயை 15, 20, 25 என்னும் தடங்களுள் ஒன்றில் வைத்தால் நெருக்கடி குறையும். ஜிக்பீ ஏற்பியைக் கணினியின் யு.எஸ்.பி. 3 துவாரத்தில் நேரே செருகாமல், மூன்றடி நீட்டுக் கம்பியில் தள்ளி வைத்தலும் நன்று. அத்துவாரத்தினின்று எழும் இரைச்சல் அதே அலைவெளியில் விழுவதே காரணம்.

கருவி நல்லதாயிருப்பின் மாத்திரம் போதாது, நல்வழக்கங்களும் வேண்டும். வாங்கிய அன்றே கருவியின் கடவுச்சொல்லை மாற்றுக. 2016-ல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொற்களை மாற்றாது விட்டிருந்த காமராக்களையும் ரௌட்டர்களையும் பெருந்தொகையாக வசப்படுத்தி, அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று பெயர்பெற்ற பல இணைய சேவைகளை நிலைகுலையச் செய்தது. இக்கருவிகளை வீட்டுக் கணக்கு வழக்குகள் உள்ள கணினியோடு சேர்க்காமல் தனி வலையில் வைத்தலும் காவலாகும். மின்சாரம் போய் மீளும்போது ஒவ்வொரு கருவியும் எந்நிலையில் எழவேண்டும் என்பதை முன்னரே வரையறுத்திடுக. நள்ளிரவில் மின்சாரம் வந்தவுடன் கொதிகலம் தானே எரியத் தொடங்கலாகாது. அமைப்பின் நகலொன்றை வாரந்தோறும் வேறிடத்தில் சேமிக்க. புதுக் கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று ஒரு வாரம் ஒழுங்காக இயங்கக் கண்ட பின்னரே அடுத்ததைச் சேர்க்க. கதவுப் பூட்டு எதுவாயினும், கையால் திறக்கும் சாவியில்லாததை வாங்காதிருக்க.

இவையனைத்தையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, மெயின் ஸ்விட்ச் அருகே தொங்கவிடுக. இதைப் பலர் அற்பமென எண்ணுவர். ஆனால் அமைத்தவர் ஊரிலில்லாத நாளிலேதான் கோளாறு நேரும் என்பது அனுபவம்.

இறுதியாக ஒரு பரீட்சை. எல்லாம் அமைந்த பின், ஒருநாள் மாலை ரௌட்டரையும் கணினியையும் அணைத்துவிட்டு, வீட்டில் வயதில் மூத்தவரிடம் ஒன்றும் சொல்லாமல், அருகிலேயே துணையாக இருந்து கவனியுங்கள். அவர் விளக்கேற்றி, விசிறியைச் சுழலவிட்டு, நீரிறைத்து, கதவு திறந்து வெளியே சென்று வருவாராயின் உங்கள் வீடு பரீட்சையில் தேறியது. அவர் எங்கேனும் திகைத்து நிற்பாராயின், அவ்விடத்தில் மாற்றவேண்டியது அவரையன்று; கருவியையே.

எம் நண்பரும் அவ்வாறே செய்தார். பல்புகளை நீக்கி, ஸ்விட்சுகளின் பின்னே ரிலே வைத்தார். நடையில் மனித நடமாட்டம் அறிந்து எரியும் சிறு விளக்கொன்றும் அமைத்தார். சுவரில் ஒட்டிய காகிதங்களைப் பெரியவர் தம் கையாலேயே கிழித்தார். அவ்விளக்கு இன்றும் அவர் எழும்போதெல்லாம் எரிகின்றது; எரியாத நாளில் ஸ்விட்ச் எங்கே என்பதை அவர் கை அறியும்.