பிறந்தகம் வரும் பெருமீன்

மீன் இனங்கள் யாவற்றினும் பெரியது திமிங்கலச் சுறா. பெயரில் திமிங்கலம் இருப்பினும், இது செவுள்களால் சுவாசிக்கும் மீனே. 12 மீட்டரும் அதற்கு மேலும் வளரக்கூடிய இப்பிராணி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்பது. மனிதருக்குத் தீங்கு செய்யாதது. பருவமடையப் பல ஆண்டுகள் ஆவதால், வேட்டையால் குறைந்த தொகை மீண்டும் பெருகுதல் அரிது.

குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் இதன் ஈரல் எண்ணெயை மரப்படகுகளில் நீர் கசியாதிருக்கப் பூசி வந்தனர். 1990-களில் இறைச்சி ஏற்றுமதி வளரவே, வேட்டை பெருகியது. கொக்கிகளுடன் பீப்பாய்களைப் பிணைத்து, மீனைக் களைப்படையச் செய்து பிடித்தமையால், மீனவர் வழக்கில் அதற்குப் 'பேரல்' என்றே பெயர் வழங்கிற்று. 2000-ஆம் ஆண்டில் மைக் பாண்டே எடுத்த 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்னும் திரைப்படம் இந்நிலையை நாட்டின் பார்வைக்குக் கொணர்ந்தது. 2001-ல் வனஜீவிப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இம்மீன் சேர்க்கப்பட்டது.

சட்டம் பிறந்தது, ஆயினும் அச்செய்தி கரையோரக் குடிசைகளை எட்டவில்லை. ஆகவே 2004-ல் இந்திய வனஜீவி அறக்கட்டளை, குஜராத் வன இலாகா, டாட்டா கெமிக்கல்ஸ் நிறுவனம் ஆகியன கூடிப் பிரசாரம் ஒன்றைத் தொடங்கின. இராமாயண உபந்நியாசகர் மொராரி பாபு அதற்குத் தம் குரலை அளித்தார். பேறுகாலத்துக்குப் பிறந்தகம் வரும் மகளைக் கொல்வார் உண்டோ என்பதே அவர் எழுப்பிய வினா.

அவ்வினாவே நாடகமாயிற்று. கருவுற்ற மகளை எதிர்நோக்கும் மீனவத் தந்தையின் கதை ஊர்தோறும் நடிக்கப்பட்டது. காற்றடைத்த முழு உருவச் சுறா ஒன்று ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டது. பிள்ளைகள் அதனைச் சுற்றிவந்து அளந்து பார்த்தனர். போர்பந்தர் முதலிய நகரங்கள் இம்மீனைத் தம் அடையாளச் சின்னமாக ஏற்றன. 'பேரல்' என்ற பெயர் மங்கி, 'வாலி', அதாவது அன்புக்குரியவள், என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இங்கு ஆசிரியர் கருத வேண்டுவது ஒன்றுண்டு. உவமை வேறு, விஞ்ஞான முடிவு வேறு. 1995-ல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் சுறாவின் வயிற்றில் ஏறத்தாழ 300 கருக்கள் காணப்பட்டன. இது குட்டி ஈனும் இனம் என்பது அதனால் தெளிவாயிற்று. எனினும், குஜராத் கடலுக்கு இவை ஈனுவதற்கே வருகின்றன என்பது இன்னும் நிறுவப்படவில்லை. மாணவர்க்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுதல் நன்று.

உள்ளம் இளகினால் மட்டும் போதாது. வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுக்க வேண்டும். வலையோ மீனவரின் முதலீடு. இதனை உணர்ந்து, அறுந்த வலைக்கு ஈட்டுத்தொகை வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. பின்னர் மீனவர்க்குக் காமிராக்கள் தரப்பட்டன; விடுவிப்பைத் தாமே படமெடுத்துச் சான்றளிக்கும் முறை வந்தது. அதிகாரியின் வரவுக்காகக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. மீன் விரைவில் கடல் சேர்ந்தது. இவ்வாறு விடுவிக்கப்பட்டவை 700-க்கும் மேற்பட்டவை.

களப்பணியாளர்க்கு இதனால் விளங்குவது யாது? சட்டம் செயலைத் தடுக்கும். கலை அச்சட்டத்தை மக்கள் தமதாகக் கொள்ளச் செய்யும். ஈட்டுத்தொகை அவ்வெண்ணத்தை நிலைக்கச் செய்யும். மூன்றில் ஒன்று குறையினும் வலையை அறுக்கக் கை எழாது.