முகம் மாறாமல் காப்போம்
பழைய வீடியோ கசெற்றை டிவிடிக்கு மாற்றும் சகோதரிகளுக்கு

"இது அவரில்லைப் பிள்ளை. அவர் மெலிஞ்ச மனுசன். இப்பிடிக் கன்னம் வைச்ச ஆளில்லை."

ஊர்காவற்றுறைப் பக்கத்து வீடொன்றில், புதிதாக வாங்கிய தட்டை ரிவிக்கு முன்னால் இருந்து ஓர் அம்மா என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. ஓடிக்கொண்டிருந்தது அவரது திருமண வீடியோ. 1988இல் எடுத்தது. கணவர் 1990இல் காணாமற்போனவர். அப்போது மகளுக்கு ஒரு வயது. தீவுப்பகுதியிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது காணி உறுதியோடு இந்தக் கசெற்றையும் கூறைச்சேலைக்குள் சுற்றி எடுத்துச் சென்றவர் அவர். யாழ்ப்பாணம், வன்னி என்று எங்கு போனாலும் அது கூடவே போனது.

கணவர் நடப்பதும் சிரிப்பதும் பதிவாகியிருப்பது அந்த ஒரு கசெற்றில் மட்டுந்தான். பேரப்பிள்ளைக்குக் காட்டவென்று காசு சேர்த்து டிவிடிக்கு மாற்றினார். வந்த டிவிடியில் எல்லோரும் குள்ளமாக, வீங்கிய முகத்தோடு நின்றார்கள். "கடையில கேட்டனீங்களா?" என்றேன். "பழைய கசெற் அப்பிடித்தான் எண்டிச்சினம். எங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

சகோதரிகளே, பிழை கசெற்றில் இல்லை. இது திருத்தக்கூடிய பிழை. ஏன் வருகிறது என்று விளங்கிக்கொண்டால் யாரிடமும் தயங்காமல் கேட்கலாம்.

முகம் ஏன் அகலுகிறது?

பழைய பெட்டி ரிவியின் திரை ஏறக்குறையச் சதுரம். நான்கு சாண் அகலம் என்றால் மூன்று சாண் உயரம். இதை 4:3 என்பார்கள். அந்நாளைய வி.எச்.எஸ். கசெற்றுகளில் எங்கள் திருமணங்களும் நயினாதீவு அம்மன் தேரும் இந்த அளவில்தான் பதிவாகின. இன்றைய தட்டை ரிவியின் திரை 16:9. அது நீளமானது. சின்னப் படத்தைப் பெரிய திரை முழுவதும் நிரப்ப இழுத்தால், ரொட்டி மாவை இரு பக்கமும் இழுத்தது போலப் படம் அகலும். உயரம் மாறாமல் அகலம் மட்டும் மூன்றிலொரு பங்கு கூடிவிடும். மெலிந்த மனிதரும் கொழுத்துப்போவார்.

இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையில் பயன்படும் 'பால்' முறையில் (குடிக்கும் பால் அல்ல, ரிவி முறையின் பெயர்) டிவிடியில் ஒரு படம் 720க்கு 576 புள்ளிகளாகப் பதிவாகும். 4:3 படமானாலும் 16:9 படமானாலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். எந்த அளவில் விரித்துக் காட்டவேண்டும் என்று தட்டில் ஒரு குறிப்பு எழுதப்படும். மாற்றுபவர் அந்தக் குறிப்பைப் பிழையாக வைத்தால் படம் இழுபடும். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய கசெற்றுகள் 'என்.ரி.எஸ்.சி.' முறையிலானவை. அந்த முறை டிவிடியில் 720க்கு 480 புள்ளிகள். அவற்றை மாற்றக் கொடுக்கும்போது எந்த நாட்டுக் கசெற் என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

வீடியோவில் வட்டமான ஒரு பொருளைத் தேடுங்கள். பக்கவாட்டில் நிற்கும் காரின் சில்லு, நேரே தெரியும் சுவர் மணிக்கூடு, ஏதாவது ஒன்று. படத்தை நிறுத்தி, ஒரு நூலால் அதன் அகலத்தையும் உயரத்தையும் அளவுங்கள். இரண்டும் சமமென்றால் படம் சரி. அகலம் கூடினால் இழுபட்டிருக்கிறது.

பிறகு ரிவி றிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பொத்தானை அழுத்தி 4:3 என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். பயப்பட வேண்டாம். 32 அங்குல ரிவியின் திரை ஏறக்குறைய 71 சென்ரிமீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் உயரம். அதில் 4:3 படத்துக்கு 53 சென்ரிமீற்றர் அகலம் போதும். மிச்சம் பக்கத்துக்கு 9 சென்ரிமீற்றராகக் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புத்தான் படம் சரியென்பதற்கு அடையாளம்.

முகம் இப்போது சரியாகிவிட்டால் உங்கள் வீட்டில் பார்க்கலாம். ஆனால் வேறு வீட்டு ரிவியிலும் தானாகச் சரியாக வரவேண்டுமானால் தட்டையே திருத்தவேண்டும். குறிப்பு மட்டும் பிழையென்றால் அதை மாற்றிப் புதிய தட்டு அடித்துத் தரலாம். படமே இழுபட்டுப் பதிவாகியிருந்தால் கசெற்றிலிருந்து மீண்டும் எடுப்பதே நல்லது.

கறுப்புப் பட்டையைத் தவிர்க்கச் சிலர் படத்தைப் பெருப்பித்து மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள். உயரத்தில் காற்பங்கு போய்விடும். நிற்பவரின் தலையோ காலோ இல்லாமற்போகும். வெட்டப்பட்டது அந்தத் தட்டிலிருந்து திரும்பி வராது. கசெற் ஒன்றே கதி.

கொடுக்கும்போது என்ன சொல்லவேண்டும்?

1. "4:3இல் எடுத்துத் தாங்கோ. இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்" என்று எழுதியே கொடுங்கள்.

2. முழுவதையும் மாற்றுமுன் இரண்டு நிமிடம் மாற்றித் தட்டை ரிவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

3. படத்தின் அடியில் நடுங்கும் ஒரு கோடு தெரியலாம். அது கசெற்றில் எப்போதும் இருந்தது, பழைய ரிவி மறைத்துவிட்டது. அதை மறைக்க முழுப் படத்தையும் பெருப்பிக்கத் தேவையில்லை. அந்தக் கோட்டை மட்டும் கறுப்பாக்கினால் போதும்.

4. டிவிடியோடு கணினிக் கோப்பாகவும் பென் டிரைவில் வாங்குங்கள். ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். வீட்டில் அடித்த டிவிடியும் காலத்தில் பழுதாகும்.

5. கசெற்றைத் திருப்பி வாங்குங்கள். எறியவேண்டாம். எங்கள் உப்புக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமில்லாத இடத்தில் பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடாமல், துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாற்ற நினைத்தவர்கள் இனியும் தாமதிக்க வேண்டாம். வி.எச்.எஸ். டெக் கடைசிவரை செய்துவந்த யப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் டெக்குகள் பழுதாகப் பழுதாக, கசெற் கையில் இருந்தும் பார்க்க வழியிருக்காது.

அந்த அம்மாவும் நானும் பண்ணைப் பாலம் கடந்து பட்டணத்துக்குப் போனோம். கடைத் தம்பியிடம் கார்ச் சில்லை நூலால் அளந்து காட்டியவர் அம்மாதான். தம்பி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு மீண்டும் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் போட்டுப் பார்த்தோம். இரு பக்கமும் கறுப்பு. நடுவில் மெலிந்த ஓர் இளைஞர், மாலையோடு. "அம்மப்பாவுக்கும் அம்மான்ர நாடிதான்" என்றாள் பேத்தி.

"அவளின்ர நாடி இவரின்ர நாடியடி" என்று திருத்தினார் அம்மா. பிறகு கசெற்றை எடுத்து, பழையபடி கூறைக்குள் சுற்றி வைத்தார்.

சகோதரிகளே, எங்களில் பலருக்கு மிஞ்சியிருப்பது ஒரு படமோ ஒரு கசெற்றோதான். அதில் உள்ள முகம் உள்ளபடியே அடுத்த தலைமுறைக்குப் போகவேண்டும். "எங்களுக்கு என்ன தெரியும்" என்று திரும்பி வராதீர்கள். ஒரு நூலும் 4:3 என்ற கணக்கும் உங்கள் கையில் இருக்கின்றன. கேளுங்கள்.