துடைப்பத்தைக் கட்டியவர் யார்?

அருங்காட்சியகம் என்றதும் செப்புத் திருமேனிகளும் அரசர்களின் வாள்களும் பழங்காசுகளும்தான் நம் நினைவுக்கு வரும். ராஜஸ்தானில் ஜோத்பூருக்கு வெளியே, மோக்லாவாஸ் கிராமத்தருகே உள்ள அர்னா ஜர்னா அருங்காட்சியகம் துடைப்பத்திலிருந்து தொடங்கியது.

கைவிடப்பட்ட கல்குவாரி நிலத்தில் இதை உருவாக்கியவர் நாட்டாரியல் அறிஞர் கோமல் கோத்தாரி (1929-2004). அவர் மறைந்த பிறகு, நாடகவியலாளர் ருஸ்தம் பரூச்சாவின் பொறுப்பில் துடைப்பத் தொகுப்பு காட்சிக்கு வந்தது. அரண்மனைகளுக்குப் பெயர்போன மாநிலத்தில் இப்படி ஒரு முயற்சி!

அந்தந்த ஊர் மண்ணில் என்ன விளைகிறதோ, அதுதான் அந்த ஊர்த் துடைப்பம். பாலைவனப் புல், ஈச்ச ஓலை, மூங்கில் என்று வகை பல. வீட்டுக்குள் பெருக்குவது பெண்பால். தெருவையும் தொழுவத்தையும் பெருக்குவது ஆண்பால். உள்ளே இருப்பது லட்சுமி, அதனால் மிதிக்கக் கூடாது. நம் ஊரிலும் இதே கதைதான். ஆனால், ஒருவரை இழிவுபடுத்த வேண்டுமென்றால் நம் வாயில் முதலில் வருவதும் விளக்குமாறுதான். துடைப்பம் லட்சுமியாம், அதைக் கட்டித் தருகிறவர் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டுமாம்.

அந்த ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. பொருளோடு நின்றுவிடாமல், துடைப்பம் கட்டும் பஞ்சாரா, கோலி, பார்குண்டா முதலிய சமூகத்தவரின் வாழ்க்கையையும் அது பதிவு செய்தது. பேஷ்வா ஆட்சியில் புணேயின் தீண்டப்படாத மக்கள் தம் காலடித் தடத்தைத் தாமே அழித்துச் செல்ல இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை 1936இல் அம்பேத்கர் எழுதினார். சாதியை விட்டுவிட்டுத் துடைப்பத்தைப் பற்றிப் பேசினால் மிஞ்சுவது வெறும் புல்தான்.

நம் பக்கம் என்ன நடந்தது? சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. 1885 முதல் அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கருவிகளைக் கொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய அவரது ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. ஆய்வாளர்களுக்கு இன்றும் அவை பயன்படுகின்றன, மறுக்கவில்லை. ஆனால், அளக்கப்பட்டவர்கள் அதில் வகைமாதிரிகள். பேசுகிற மனிதர்கள் அல்லர்.

இன்றும் ஒரு பறைக்குக் கீழே ‘தோற்கருவி’ என்று எழுதினால் போதும் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். தோலைப் பதப்படுத்தியது யார், எந்தச் சாவுக்கு அடிக்கச் சொன்னார்கள், கூலியாக எத்தனை படி நெல் அளந்தார்கள், அடிக்க மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது? இவை எதுவும் அட்டையில் இருப்பதில்லை.

கமலைச் சாலுக்குத் தோல் தைத்த பெரியவர்கள் சில சேரிகளில் இன்னும் இருக்கிறார்கள். மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு முதலில் அவர்களைத் தேடிப் போகட்டும். சொல்கிறவரின் பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் பொருளுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும்.