மாங்குளத்துக் கல்லும் அணுக்கழிவும்

மதுரைக்கு அருகே, மீனாட்சிபுரம் மலைக் குகைகளில் உள்ள மாங்குளம் கல்வெட்டுகளுக்கு ஏறத்தாழ 2,200 வயது. சமண முனிவர்களுக்குப் படுக்கை வெட்டிக்கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. எழுத்து அழியவில்லை, படிக்கத்தான் ஆளில்லாமல் போனது. 1882-ல் ராபர்ட் சிவெல் கண்டெடுத்தார். இத்தகைய குகை எழுத்துகள் தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் நிறுவியது 1924-ல்தான்.

அணுக்கழிவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கல் என் கண்முன் வருகிறது. கழிவிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,100 ஆண்டுகள் ஆகும். மாங்குளத்தின் வயதைப்போலப் பதினொரு மடங்கு!

அத்தனை காலம் காவல் காக்க மனிதரால் ஆகாது. அதனால் பாறையிடம் ஒப்படைக்கிறார்கள். பின்லாந்தின் ஒன்கலோ கிடங்கு நிலத்துக்கடியில் 400 மீட்டருக்கும் கீழே, ஏறக்குறைய 190 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் குடையப்பட்டிருக்கிறது. எரிந்து முடிந்த எரிபொருளைத் தடித்த செப்புக் கலத்தில் அடைத்துக் குழியில் இறக்குவார்கள். சுற்றிலும் பென்டோனைட் களிமண். ஈரம் பட்டதும் அது உப்பி, நீர் போகும் வழியை அடைத்துவிடும். எதிரி தண்ணீர்தான். நம் பக்கம் கிணறு வெட்டுகிறவர் பாறையில் வெடிப்பைத் தேடுவார், ஊற்றுக்கண் அங்கேதான் இருக்கும். கிடங்கு கட்டுகிறவர் வெடிப்பே இல்லாத பாறையைத் தேடுகிறார்.

இந்தியாவில் இப்படி ஒரு கிடங்கு இன்னும் இல்லை. எரிபொருளை மறுசுழற்சி செய்து, மிஞ்சும் கடுங்கழிவைக் கண்ணாடியாக உருக்கி வைக்கிறார்கள். கோலார் தங்கச் சுரங்கத்தில், பாறை வெப்பத்தை எப்படித் தாங்குகிறது என்ற சோதனையும் முன்பு நடந்தது. கூடங்குளம் கழிவு அங்கே வரும் என்ற பேச்சு 2012-ல் கிளம்பியதும் மக்கள் தெருவில் இறங்கினார்கள், அரசு மறுத்தது.

தேனி மாவட்டம் பொட்டிபுரத்திலும் இதே அச்சம். அங்கே திட்டமிட்டது நியூட்ரினோ ஆய்வகம். கழிவுக் கிடங்கு அல்ல. இருந்தும் பலர் நம்பவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வந்து, 2015-ல் பணிக்குத் தடை விழுந்தது. மக்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூடங்குளத்துக் கழிவு கடைசியில் எங்கே போகும் என்று கேட்டவர்களுக்கு ஊர்ப் பெயரோடு ஒரு பதில் கிடைத்ததில்லை. அந்த இடைவெளியில்தான் வதந்தி வளர்ந்தது.

ஒன்கலோ அமைந்திருக்கும் யூராயோக்கி நகராட்சிக்கு, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இருந்தது. 2000-ல் அதன் மன்றம் கூடிச் சம்மதித்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் ஏற்றது.

நம் அரசும், எந்தப் பாறையில் கண் வைத்தாலும், துளையிடும் முன்பே அந்த ஊர்க் கிராம சபையில் வந்து சொல்லட்டும். மறுக்கும் உரிமையையும் அந்தச் சபைக்கே கொடுக்கட்டும்.