விருந்தினரும் வீட்டாரும்: வெனிஸ் தரும் பாடம்

நகரச் சுற்றுலா செல்வம் கொழிக்கும் தொழில் என்பதில் ஐயமில்லை. விடுதி, படகு, உணவகம், கைவினை எனப் பல துறையினர் அதனால் வாழ்கின்றனர். ஆயின், அளவு மீறிய சுற்றுலா நகரின் உயிரையே உறிஞ்சிவிடும் என்பதற்கு இத்தாலி நாட்டின் வெனிஸ் சான்றாக நிற்கின்றது.

காயல் நடுவே, நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின் மீது எழுந்த இந்நகரை யுனெஸ்கோ 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1951இல் இதன் பழைய நகர்ப்பகுதியில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே சென்றது. காரணம் யாது? 1966ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும் பிறவிடத்து வேலைவாய்ப்பும் தொடக்கத்தில் பலரை வெளியேற்றின. பின்னர், குடியிருப்புகள் பயணியர் தங்கும் அறைகளாயின; வாடகை உயர்ந்தது; அன்றாடப் பொருள் விற்ற கடைகள் நினைவுப்பொருள் கடைகளாக மாறின. இளைஞர் நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேக்குக் குடிபெயர்ந்தனர்.

2021இல் பெருங்கப்பல்கள் நகரை ஒட்டிச் செல்வதை அரசு தடுத்தது. 2024இல், குறிப்பிட்ட நாள்களில் வந்து அன்றே திரும்புவோரிடம் 5 யூரோ கட்டணம் பெறும் முறை தொடங்கிற்று. இவை நெரிசலைக் குறைக்கலாம். ஆயினும் குடியிருக்க வீடு கிடைத்தாலன்றிச் சென்றவர் மீளார்.

நகரங்களின் நாளைய சுற்றுலா, வருவோரை மட்டுமன்றி வாழ்வோரையும் எண்ணித் திட்டமிடப்பெறல் வேண்டும். வீட்டார் இல்லாத வீட்டில் விருந்து ஏது?