பராமரிப்பு வீட்டில்தான், நேரம் யாருடையது?

காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமி கும்பிட்ட பிறகே காப்பி குடிப்பது மூத்த இந்தியர்கள் பலரின் வாழ்நாள் வழக்கம். பக்கவாதம் வந்த பிறகு, குளிப்பாட்ட உதவும் பராமரிப்பு ஊழியர் 11 மணிக்குத்தான் வருகிறார் என்றால் அவர்களின் காலைப்பொழுதே மாறிவிடுகிறது. உடல் சுத்தமாகிறது, மனம் சோர்ந்துபோகிறது.

சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 2030ஆம் ஆண்டுக்குள் 65 வயது அல்லது அதற்கு மேற்பட்டவராக இருப்பார். மூத்தோர் பலர் தாதிமை இல்லத்துக்குச் செல்வதைவிடச் சொந்த வீட்டிலேயே இருக்க விரும்புகின்றனர். அதனால், என்ன உதவி கிடைக்கிறது என்பதுடன் அது எப்போது, எப்படி, யாருடைய விருப்பப்படி கிடைக்கிறது என்பதும் முக்கியமாகிறது.

நேரம் பிரிப்பதில் உள்ள சிக்கல்

குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மருந்தை நினைவூட்டுவது, சிறு வீட்டு வேலைகள் செய்வது போன்றவை இல்லத் தனிநபர் பராமரிப்புச் சேவையில் அடங்கும். மருத்துவர், தாதி, உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஆகியோரும் வீட்டுக்கு வருவதுண்டு.

ஊழியர் வரும் நேரம் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. ஆனால், மூத்தோரின் தேவைகள் நாள் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. காலையில் படுக்கையிலிருந்து எழ, பிற்பகலில் கழிவறைக்குச் செல்ல, இரவில் படுக்கச் செல்ல என ஒவ்வொன்றுக்கும் சில நிமிட உதவி போதும். தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஒருவர் வந்து போவதைவிட, அரை மணி நேரம் வீதம் மூன்று முறை வருவது சிலருக்குக் கூடுதல் பயன் தரும். இடைப்பட்ட நேரத்தை இல்லப் பணிப்பெண்ணோ வேலையை விட்ட மகளோதான் ஈடுகட்ட வேண்டியுள்ளது.

சுகாதார அமைச்சு 2025ல் அறிவித்த மேம்படுத்தப்பட்ட இல்லத் தனிநபர் பராமரிப்புச் சேவை இந்தக் குறையைக் களைய முற்படுகிறது. மூத்தோர் சிலர் ஒரே வீட்டில் தங்கி, உடன் தங்கும் பராமரிப்பாளர்களின் உதவியைப் பகிர்ந்துகொள்ளும் முறையும் 2023 முதல் முயன்று பார்க்கப்பட்டது.

முதல் சந்திப்பில் சொல்ல வேண்டியவை

சேவை தொடங்குமுன் நடக்கும் மதிப்பீட்டில், குடும்பத்தார் பொதுவாக நோயையும் மருந்தையும் மட்டுமே சொல்கின்றனர். பின்வருவனவற்றையும் சொல்வது நல்லது:

• குளிக்கும், உண்ணும், உறங்கும் நேரம்

• குளிப்பாட்ட ஆண் ஊழியர் வேண்டுமா, பெண் ஊழியர் வேண்டுமா என்பது

• சைவ உணவு, விரத நாள்கள், கையால் சாப்பிடும் பழக்கம்

• பேசும் மொழி. முதுமை மறதி உள்ளோர் சிலர் பின்னாளில் கற்ற மொழியை மறந்து தாய்மொழிக்குத் திரும்புவர். ஊழியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தண்ணீர், வலி, கழிவறை போன்ற சில சொற்களை எழுதிக் கொடுக்கலாம்.

• அவர்களால் இன்னும் சொந்தமாகச் செய்ய முடிந்தவை. சட்டைப் பொத்தானைப் போட பத்து நிமிடம் ஆனாலும் அவரையே போடவிடுவது, அந்தத் திறனைத் தக்கவைக்க உதவும்.

இவற்றுக்குப் பிள்ளைகளே பதில் சொல்லிவிடாமல், முடிந்தவரை மூத்தோரிடமே கேட்க வேண்டும். கேட்ட எல்லாம் கிடைக்காமல் போகலாம். ஊழியர் பற்றாக்குறை உண்மையானது. ஆயினும், எது விட்டுக்கொடுக்கக்கூடியது, எது கூடாது என்பது சேவை வழங்குவோருக்குத் தெரிந்தால்தான் அதற்கேற்பத் திட்டமிட முடியும்.

உதவி பெற

குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடத்தல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் குறைந்தது மூன்றுக்கு நிரந்தரமாகப் பிறர் உதவி தேவைப்படுவோர், இல்லப் பராமரிப்பு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து வழங்கப்படும் இத்தொகை, 2026 ஏப்ரல் முதல் மாதம் 600 வெள்ளி வரை. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைத்து விவரம் அறியலாம்.

மூத்தவர் கீழே விழுந்தாலோ மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினாலோ தேவைகள் மாறிவிடும். அப்போது பழைய பராமரிப்புத் திட்டத்தையே தொடராமல், அதை மறுபரிசீலனை செய்யும்படி குடும்பத்தார் கேட்க வேண்டும்.