இடித்துவிட்டு ஓடலாமா?

(இரண்டாமாண்டு, இயந்திரவியல்)



நம்மில் பலர் பைக்கில்தான் வருகிறோம். லைசென்ஸுக்காக எட்டுப் போடக் கற்றுக்கொண்டோம். ஆனால் யாரையாவது இடித்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான்கு மாதங்களுக்கு முன்பு நண்பனின் பைக்கை ஓட்டிப் போனேன். லைசென்ஸ் கைக்கு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. சந்தை முக்கில் ஒரு பாட்டி குறுக்கே வந்தார். பிரேக் பிடித்தும் ஹேண்டில்பார் தட்டிக் கீழே விழுந்துவிட்டார். பின்னால் இருந்தவன், "நிக்காதடா, போடா! மாட்டினா படிப்பே போச்சு" என்றான். உண்மையைச் சொல்கிறேன், ஒரு பர்லாங் தூரம் போய்விட்டேன். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். கேஸ் என்றதும் அப்பா முகம்தான் கண்முன் வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

ஆட்டோவில் பாட்டியை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டில் எலும்பு முறிவு. பிறகு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஏட்டையா நன்றாகத் திட்டினார், கேஸும் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 134-வது பிரிவு மொபெட் முதல் லாரி வரை ஓட்டுகிற எல்லோருக்கும் பொது. அது சொல்வது:

1. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க முடிந்ததையெல்லாம் செய்ய வேண்டும்.
2. போலீஸ் கேட்கும் விவரத்தைத் தர வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் பக்கத்து ஸ்டேஷனில் சீக்கிரம் போய்ச் சொல்ல வேண்டும். எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.
3. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

"கூட்டம் அடிக்க வந்தால் என்னடா செய்வது?" என்று கேட்பீர்கள். சட்டம் அதையும் யோசித்திருக்கிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் நின்று உதவ முடியாமல் போனால் அது குற்றமில்லை. ஆனால் ஸ்டேஷனுக்குப் போவதிலிருந்து விலக்கு இல்லை.

இதை மீறினால் 187-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய். 2019 திருத்தத்தில் கூட்டிய தொகை இது. கவனமில்லாமல் ஓட்டியதற்கான வழக்கு தனி. ஆள் இறந்துவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ன்படி 5 ஆண்டு வரை சிறை. சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்று 106(2) எழுதப்பட்டது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டம் வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

ஜெயிலைவிட என்னை உலுக்கியது வேறு ஒரு விஷயம். இடித்த வண்டி எது என்று தெரிந்தால், அடிபட்டவர் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். வயது, வருமானம், காயம் எல்லாம் பார்த்துத் தொகை முடிவாகும். வண்டிக்கு இன்சூரன்ஸும் ஓட்டியவருக்கு லைசென்ஸும் ஒழுங்காக இருந்தால் கம்பெனியே கட்டும். எது என்றே தெரியாவிட்டால்? அரசுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், அவ்வளவுதான். 2022 ஏப்ரலுக்கு முன்பு அதுவும் 25,000, 12,500-தான். இதற்குத் தாசில்தார் அல்லது கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம் என்பதுகூடப் பல ஏழைக் குடும்பங்களுக்குத் தெரியாது.

அன்று நான் ஓடியிருந்தால் பாட்டிக்கு இந்த 50,000-தான் வழி. இப்போது அவர் மகன் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கிறார். பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. என் கேஸ் இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்குப் போய்வருகிறேன், அப்பாவும் கூட வருகிறார்.

நண்பர்களே, கை தவறலாம், கால் தவறலாம். நின்றுவிடுங்கள். 108-க்குப் போன் போடுங்கள். வண்டியின் இன்சூரன்ஸ் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.